பிறவிச் சாது

எங்கள் வீட்டில் யாரும் தங்கள் குணத்துக்குத் தாங்களே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டதில்லை. எல்லாம் பிறக்கும்போதே வந்ததுதான். உம்மா எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். துபாயிலிருந்து என்றைக்கோ வந்த பிஸ்கட் டின்கூடப் பரணில் பத்திரமாக இருக்கிறது. அது அவர்கள் சுபாவமாம். என் வீட்டுக்காரர் இன்று கேட்ட கேள்விக்கு நாளைக்குத்தான் பதில் சொல்வார். அது அவர்கள் வீட்டு ரத்தமாம். நம் ஆளிடம் இருந்தால் சுபாவம், மாப்பிள்ளையாக வந்தவரிடம் இருந்தால் ரத்தம். எதிர்வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை ஆண்ட காலத்தில் பிறந்தவர், இன்றும் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். காலையில் அவர் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து, "அது அவருக்குப் பொறப்புலயே வந்ததுங்க" என்று தெருவே சொல்லும். ரொட்டி வருவது பஸ் ஸ்டாண்ட் பேக்கரியிலிருந்து.

எனக்கு அவர்கள் கொடுத்த பட்டம் பிறவி வாய்க்காரி. நான் கூடத்தில் பேசினால் மாடியில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள். அதற்கும் நான் காரணமில்லை. என் நாக்கில் தேன் வைத்தது வாப்பாவின் அக்கா, எங்கள் பெரிய மாமி. அவர் வாசலில் நின்று கூப்பிட்டால் மெயின் ரோட்டில் போகிற பஸ் நிற்கும் என்பார்கள்.

தேன் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒருவர் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தேனைப் பிள்ளையின் நாக்கில் தடவுவார். தேன் வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு அப்படியே இறங்கும் என்பது நம்பிக்கை. ஆகவே அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மாப்பிள்ளை பார்ப்பதைவிட அதிக ஆலோசனை நடக்கும். என் விஷயத்தில் ஆலோசனை நடப்பதற்குள் பெரிய மாமி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டார். "யாரைக் கேட்டு வச்சாங்க?" என்று உம்மா இன்னமும் புலம்புவதுண்டு.

என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோது உம்மா முன்கூட்டியே உஷாராகிவிட்டார்கள். அவர்கள் பிடித்து வைத்திருந்த ஆள், சொந்தத் தம்பி, எங்கள் மாமா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெட்டி, பை விற்கிற கடை வைத்திருக்கிறார். கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கு அவர் கடைதான். மாமா குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒரு முறை ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து அவர் கடை முகப்பை இடித்துத் தள்ளிவிட்டது. மாமா எழுந்து வெளியே வந்து, நடுங்கிக்கொண்டிருந்த டிரைவரிடம், "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டாராம். இந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் எந்த விருந்தும் முடிந்ததில்லை.

மாமா வந்தார். மோதிர விரலால் தேன் வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கிப்போனான். உம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இனி இந்த வீட்டுக்கு விடிவுகாலம் என்று எழுதியிருந்தது.

எங்கள் தெருவில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த வீட்டிலேயே இருப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளைகள்தான் வந்து போவார்கள். நானும் தங்கச்சியும் அப்படித்தான், கீழே நான், மாடியில் அவள். இரண்டு மாப்பிள்ளைகளும் வெளிநாட்டில். அதனால் பிள்ளை என் கண் முன்னால்தான் வளர்ந்தான். தேன் நன்றாகவே வேலை செய்தது. பசித்தால் லேசாக முனகுவான், அவ்வளவுதான். குக்கர் விசிலடிக்கும், அவன் தூங்குவான். மீன்காரம்மா வாசலில் நின்று காரைக்கால்மேட்டுக் கரைக்கே கேட்கிற மாதிரி கூவுவார், அவன் தூங்குவான். மாங்கனித் திருவிழாவுக்கு வேட்டுப் போட்டபோது தெருவில் இருந்த அத்தனை கைக்குழந்தைகளும் வீறிட்டன. இவன் மட்டும் தங்கச்சி தோளில் சாய்ந்து, வானத்தில் பூத்த வெளிச்சத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிறவிச் சாது" என்று பெயர் வந்துவிட்டது. மாஷா அல்லாஹ் சொல்லி, கண் படாமல் இருக்க நெற்றி ஓரத்தில் மையும் வைத்தார்கள். மாமாவின் மதிப்பும் ஏறிப்போனது. நிறைமாதப் பெண்கள் உள்ள வீடுகளிலிருந்து அவருக்குச் சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். அதுவரை தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மலைத்தேன் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டார். "நாக்கு நுனியில வைக்கக் கூடாதுங்க, கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கணும்" என்று பெட்டி வாங்க வந்தவரிடமெல்லாம் நுணுக்கம் சொல்ல ஆரம்பித்தார். அடக்கமான மனிதருக்கும் தலை கனக்கும் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

எனக்கு அந்தப் பிள்ளையிடம் ஒரு மனத்தாங்கல் இருந்தது, ஒளிப்பானேன். இந்த வீட்டில் என் சத்தத்துக்குத் திரும்பாதவர் கிடையாது. வாப்பா இருந்த வரைக்கும் அவரே திரும்புவார். பூனைகூட நான் வாயைத் திறந்தால் சோற்றை விட்டுவிட்டு ஓடும். இவன் மட்டும் என்னைக் கண்டுகொள்வதே இல்லை. எதிரே போய் நின்றால் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பான், கையை நீட்டுவான். பின்னால் நின்று கத்தினால் நான் என்கிற ஆளே இல்லாத மாதிரி இருப்பான்.

ஒரு நாள் பரணில் இருந்த சஹனை எடுக்கப் போனேன். கல்யாணத்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் விருந்துக்குக் கேட்டிருந்தார்கள். ஸ்டூலிலிருந்து இறங்கும்போது கை வழுக்கி, தட்டு கூடத்துத் தரையில் விழுந்து சுழன்றது. உம்மா ஓதிக்கொண்டே உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை கையிலிருந்து தெறித்தது. தங்கச்சி மாடியிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தாள். கட்டிலில் படுத்திருந்த பிள்ளை தன் கால் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்படி இருக்கான் பாரு, அப்படியே என் தம்பி" என்றார்கள் உம்மா.

கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், அவன் கண்ணில் படாமல் நின்றுகொண்டு, "என் வாப்பா!" என்று அவனை என் முழுக் குரலில் கூப்பிட்டேன். எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிள்ளை அடுத்த காலைப் பிடித்தான்.

"இவனுக்குக் காது கேக்குதா?" என்றேன்.

அதை நான் மெதுவாகக் கேட்டிருக்கலாம். எனக்கு மெதுவாக என்று ஒன்று வராது. தங்கச்சி முகம் சிவந்துபோனது. "நாலு பேரு நல்லாச் சொல்றது உனக்குப் பொறுக்கலையா ராத்தா? கதவுகிட்ட நான் வந்தாத் திரும்பிப் பாக்குறான், உனக்குத் தெரியுமா?" என்றாள். திரும்புகிறான்தான். கதவருகே ஆள் வந்தால் தரையில் நிழல் விழுகிறது, அதைப் பார்த்துத்தான் திரும்புகிறான் என்று சொன்னேன். "வாயை மூடு புள்ள" என்று உம்மா என்னை அதட்டினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஆணக் குழம்பில் உப்பு போதுமா என்பதைக்கூட உம்மா வழியாகத்தான் கேட்டாள். நானும் உம்மா வழியாகவே போதாது என்றேன். வெளியே முறுக்கிக்கொண்டு திரிந்தாலும், உள்ளுக்குள் அந்தச் சண்டையில் நான் தோற்க வேண்டும் என்றுதான் அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். நான் தப்பு, அவள் சரி என்று ஆகிவிட்டால் ஆயுசுக்கும் கேலியைத் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன்.

ஒரு மதியம் அவளே இறங்கி வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் பேசினாள். "தூங்கும்போது தட்டும் கரண்டியுமாத் தட்டிப் பாத்தேன் ராத்தா. பின்னாடி நின்னு கூப்பிட்டுப் பாத்தேன். பாங்கு ஒலிபெருக்கியில சொல்லும்போது மடியில வச்சிக்கிட்டு அவன் முகத்தையே பாத்தேன். நீ சொன்னதுதான் சரி."

ஜெயித்ததற்காக நான் அழுதது அன்று ஒரு நாள்தான்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். நானும் அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் போனோம். சிதம்பரம் தாண்டுகிற வரைக்கும் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பிள்ளை ஜன்னலில் ஓடுகிற மரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். அங்கே அவனைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, சோதனை செய்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். முடிவைப் பார்த்துவிட்டு, "பிறவியிலேயே காது கேக்கலைங்க. ரெண்டு பக்கமும்" என்றார்.

எத்தனை தடவை, எத்தனை பெருமையாக எங்கள் வீட்டில் புழங்கிய சொல் அந்தப் பிறவி. தங்கச்சி, "பிறவியிலேன்னா மாத்தவே முடியாதுங்களா டாக்டர்?" என்றாள்.

"பொறக்கும்போதே இருந்துச்சுன்னு மட்டும்தாங்க அதுக்கு அர்த்தம்" என்றார் டாக்டர். "யாரால வந்துச்சுன்னு அது சொல்லாது. கடைசி வரைக்கும் இப்படியேதான் இருக்கும்னும் சொல்லாது." காதுக்குள் ஒரு கருவி வைக்கலாம், வெளியே ஒரு மெஷின் மாட்ட வேண்டும், பிறகு பேச்சுப் பயிற்சி என்று விளக்கினார். "ஆனா காத்திருக்காதீங்க. பேச்சுப் பிடிபடுற வயசு ஒண்ணு இருக்கு. அது போயிட்டா மெஷின் வச்சாலும் பெரிசாப் பிரயோஜனம் இருக்காது."

வீட்டுக்கு வந்தோம். பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ரத்தத்தைப் பற்றிப் பேசி முடித்தாக வேண்டும் அல்லவா? வீடியோ காலில் தங்கச்சி மாமியார், அவர்கள் பக்கத்தில் யாருக்கும் காதுக் கோளாறே கிடையாது என்றும், தன் வாப்பாவுக்குத் தொண்ணூறு வயதில் கப்பல் சங்கு கேட்டது என்றும் சொன்னார். உம்மா விடவில்லை. எங்கள் வம்சத்தில் அடுத்த வீட்டில் குசுகுசுவென்று பேசுவதே கேட்கும் என்றார்கள். அது நூற்றுக்கு நூறு உண்மை. இரண்டு பக்கமும் காது சுத்தம் என்று தீர்ப்பான பிறகும், பிள்ளைக்குக் கேட்கவில்லை.

அடுத்தது அறுவை சிகிச்சை. அதற்கு உம்மா ஒப்பவில்லை. "தலையைத் திறந்து மெஷின் வைக்கிறதா? நம்ம வம்சத்துல ஆம்பளைப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும். உன் வாப்பாவே லேட்டு. கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்" என்றார்கள். தங்கச்சி மாப்பிள்ளையும் லீவு கிடைத்து வந்த பிறகு முடிவு செய்யலாம் என்றார். அவர் சொல்லையும் உம்மா சொல்லையும் மீறி அவள் எதையும் செய்ததில்லை. நான் மாறி மாறிக் கத்திப் பார்த்தேன். நான் கத்துவது அந்த வீட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம் போல, யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. தங்கச்சி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் சொன்ன வயசு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். நடுப்பகலில் கடையை அடைத்துவிட்டு அவர் வந்து நான் பார்த்ததில்லை. வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "உள்ளே வாங்க மாமா" என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தார். தண்ணீரைக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நான் பேசாத மனுசன்" என்றார். "அதைத்தான் புள்ளைக்கு வச்சிட்டேனா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பிள்ளையின் காதில் பாங்கு சொன்னவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. தேன் வைத்தவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, தூக்கமில்லாமல் அலைந்திருக்கிறார். ஊர் புகழ்ந்தபோது எடுத்துக்கொண்டதை இப்போது இப்படித் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்.

"மாமா, உங்க விரலுக்கு அவ்வளவு சக்தி இருந்தா எனக்கு ஒரு பாட்டில் வச்சிருக்கலாமே. தெருவே நிம்மதியா இருந்திருக்குமே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். பொறக்கும்போதே இருந்துச்சு மாமா, நீங்க ஆஸ்பத்திரிப் படி ஏறுறதுக்கு முன்னாடியே இருந்துச்சு. யாரும் வச்சு வந்ததில்லை. ஆனா காத்திருந்தா மட்டும் அது நாம வச்சதா ஆயிடும்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். "காத்திருக்கக் கூடாதுன்னா சொன்னாங்க?" என்றார். ஆமாம் என்றேன். அப்போது சமையலறையிலிருந்து உம்மா, "நீயாவது சொல்லு தம்பி, நம்ம வம்சமே லேட்டாப் பேசுற வம்சம்தானே, கொஞ்சம் பொறுத்தா..." என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

மாமா எழுந்தார்.

"என்னத்தப் பொறுக்கிறது!" என்றார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உம்மா கையிலிருந்த கிண்ணத்தோடு சுவரில் சாய்ந்துவிட்டார்கள். "டாக்டரம்மா காத்திருக்காதேன்னு சொல்லுது, நீ வம்சம் பேசிக்கிட்டு உக்காந்திருக்கே! இந்த வம்சத்தை வச்சுப் புள்ளை என்ன செய்யும்? நாளைக்கு அவன் வாய் திறக்காம நின்னா வம்சம் வந்து பேசுமா? மாப்பிள்ளைக்குப் போனைப் போடு, நான் பேசுறேன்!" தெருவில் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுப் பெரியவர் இந்த முறை ஜன்னலோடு நிற்காமல் வாசலுக்கே வந்துவிட்டார். அத்தனை வருஷத்து மௌனத்தையும் சேர்த்து மாமா அன்று செலவழித்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நான் நாள்முழுக்கக் கத்தி நடக்காத காரியம், அவர் ஒரே ஒரு தடவை கத்தி நடந்துவிட்டது. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை சரி என்றார். உம்மா மட்டும், "என் தம்பிக்கு இது எங்கேருந்து வந்துச்சு?" என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறியதும் மெஷினை முடுக்குவதற்கு மறுபடி பாண்டிக்குப் போனோம். பிள்ளை தங்கச்சி மடியில் உட்கார்ந்து கலர் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து வருகிற ஒயரின் முனையில் வட்டமான ஒரு வில்லை. அது காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும், எடுத்துவிட்டால் எதுவும் கேட்காது. மெஷின் பார்க்கிற பெண் கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினார். பிள்ளையின் கை அப்படியே நின்றது. கண் பெரிதானது. தாயின் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு உதடு பிதுங்கி, இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். நான் சமாதானப்படுத்தக் கையை நீட்டினேன். "விடு ராத்தா, அழுவட்டும்" என்று சொல்லித் தங்கச்சி அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

உடனே பேச்சு வந்துவிடவில்லை. சத்தம் என்றால் என்ன என்பதையே அவன் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குக்கர் இது, கதவு இது, உம்மா இது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டித் தங்கச்சி மாய்ந்துபோனாள். பயிற்சிக்குக் கூட்டிப்போன பஸ்கள், திரும்பி வரும்போது மடியில் தூங்கிய பிள்ளை, பயந்து பயந்து நாங்கள் கேட்ட முதல் "ம்மா", இதெல்லாம் அவளுடைய கதை. சொல்ல வேண்டியவள் அவள்தான்.

இப்போது அவன் ஓடித் திரிகிறான். பெரியம்மா என்று சொல்ல வராமல் என்னைப் "பெய்ம்மா" என்கிறான். சாது என்று அவனைச் சொன்னவர்கள் யாராவது ஒரு மதியம் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். போன வாரம் மாமா கடையில் புதுப் பெட்டி ஒன்றைத் திறந்து, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அதற்குள் இறங்கி நின்றான். மாமா, "பரவாயில்லை விடு" என்றார். நான் விடுவேனா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவன் தலையை நிமிர்த்தி, பொறுமையாக நாலு வார்த்தை கேட்டான். பிறகு ஈரக் கையைத் தலைக்குக் கொண்டுபோய், ஒட்டியிருந்த அந்த வட்ட வில்லையைப் பிடுங்கி, என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தண்ணீரை மிதிக்கத் தொடங்கினான்.

கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள், மாமா சிரித்தார். நான் பாதி வாக்கியத்தோடு, வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கழற்றி வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதென்றால், அதற்கு முன் நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கிறது.